பேர் சொல்லாமல் அரைத்த மிளகாய்

தொண்ணூற்றைந்தாம் வருடம், ஆவணி மாதம். என் தம்பி மகள் கோகிலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் முழங்கைக்கு மேலே அந்தக் கன்றலைப் பார்த்தேன். நாவல்பழத்தை நசுக்கியது மாதிரி நீலமாக இருந்தது. பாவாடையை ஒதுக்கிப் பார்த்தேன். தொடையில் இரண்டு. கெண்டைக்காலில் ஒன்று. அவளுக்கு அப்போது ஏழு வயது.

"யாரு கண்ணு கிள்ளுனது?"

"யாரும் கிள்ளலீங்க அத்தை."

"உங்கம்மா அடிச்சாளா? அத்தைகிட்டச் சொல்லு. நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"இல்லீங்க. தானா வந்துச்சுங்க."

கன்றல் தானாக வருமா? குழந்தை பயந்துகொண்டு மறைக்கிறது என்று நினைத்தேன். அங்கே ஆரம்பித்தது என் பாவம்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசினவள் இல்லை. இதை எழுது, எழுது என்று மூன்று வருடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பவள் சரோஜா. அவள் என் தம்பி பெண்டாட்டி. கோகிலாவுக்குச் சித்தி. அவளுக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். அம்மனை நம்பி இதைப் படிக்கிற சகோதரிகளான உங்களிடம் மறைத்தால் அம்மனிடமே மறைத்த மாதிரி.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்காரர் போனபிறகு அவர் பால் கேன் கட்டி ஓட்டிய சைக்கிளை நானே ஓட்டப் பழகினேன். பதினைந்து வருடம் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றினேன். ஊர் முழிப்பதற்குள் போய்த் திரும்பிவிடுவேன். வெள்ளைச் சேலை கட்டினவள் ஆம்பளை சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதை யாராவது பார்த்தால் எனக்கு உயிர் போய்விடும். அப்படிக் கூச்சம்.

தம்பி சுப்பு லாரி டிரைவர். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு போனால் பத்து நாள், பதினைந்து நாள் வரமாட்டான். அவனுடைய முதல் மனைவி காமாலையில் போனபோது கோகிலாவுக்கு ஒரு வயது. மூன்று வருடம் நான் வளர்த்தேன். என் மடியில்தான் தூங்கும். அப்புறம் தம்பி சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற குடும்பத்தில் சரோஜாவைக் கட்டிக்கொண்டு வந்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான். குழந்தை அந்த வாசலைத் தாண்டிப் போனது. இரண்டே மாதத்தில் அவளை அம்மா என்று கூப்பிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அது பொறாமை என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அதற்கு நான் வைத்திருந்த பேர் பாசம்.

புரட்டாசி பிறந்ததும் சரோஜாவே ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க அண்ணி, புள்ளை சோந்து சோந்து படுத்துக்குதுங்க. மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு. அவரு வர்றதுக்கு இன்னும் பத்து நாளாகும். நாம ரண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களா?"

நான் சாணம் தட்டிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"நேரத்துக்குச் சோறு போட்டு, கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாலே புள்ளை தேறிக்கும் அம்மணி."

அவள் திரும்பிப் போய்விட்டாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்போம். எத்தனை விளக்குப் போட்டாலும் எனக்கு அது ஆறவில்லை.

அவளைக் கூப்பிட்டு நேராகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தம்பியிடம் சொல்லவும் தைரியம் இல்லை. அதனால் அமாவாசை அன்று ஆனைமலைக்குப் போனேன்.

மாசாணியம்மன் கோயிலுக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மன் அங்கே படுத்த கோலத்தில் இருக்கிறாள். அநியாயம் நடந்தவர்கள் வரமிளகாயை அங்கேயே அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவார்கள். அம்மனுக்கு எரியும். எரிகிறவள் சும்மா இருக்கமாட்டாள், தப்புச் செய்தவரைத் தேடிப் பிடிப்பாள். நியாயம் கிடைத்ததும் திரும்பிப் போய் எண்ணெய்க் காப்புச் செய்து அவளைக் குளிர வைக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

நான் மிளகாயை அரைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. விழுதைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றேன். மனசு முழுக்கச் சரோஜாதான். ஆனால் வாய் விட்டுச் சொல்ல வேண்டுமே. எனக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பொம்பளைகள் கையில் மிளகாயோடு நிற்கிறார்கள்.

"ஏனுங்க, வெள்ளைச் சேலை அம்மா! சட்டுனு பூசுங்க. எங்களுக்கும் கை எரியுதில்லீங்களா?"

எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. சொந்தத் தம்பி பெண்டாட்டியின் பேரை அத்தனை பேர் காதில் விழச் சொல்ல வெட்கம் பிடுங்கியது. பேரை விழுங்கிவிட்டேன். "தாயே, எங்க புள்ளை உடம்புல கன்னல் போட்டது எதுவோ, அதைக் காட்டிக் கொடு" என்று மட்டும் முணுமுணுத்துப் பூசிவிட்டு வந்தேன். வரும்போது எனக்கே என் மேல் கோபம். பேர் சொல்லக்கூட வக்கில்லாமல் போச்சே என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

அம்மன் நாள் கடத்தவில்லை. ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் கோகிலாவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. நிற்கவே இல்லை. சரோஜா தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் முந்தானை முழுக்கச் சிவப்பு. பொள்ளாச்சியில் பார்த்த டாக்டர் எங்களை அங்கே நிற்கவிடவில்லை, கோயமுத்தூருக்கு அனுப்பினார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்தார்கள். குழந்தை போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. இரண்டாம் நாள் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ரத்தத்தில் புற்று என்றார்.

சரோஜா அழவில்லை. "இந்தக் கன்னலுங்க?" என்று கேட்டாள்.

"இந்த வியாதிதான்மா காரணம். ரத்தத்தை உறைய வைக்கிற அணு குறைஞ்சுபோச்சு. லேசா இடிச்சாலே கன்னிப்போகும். இடிக்காமலும் வரும். யாரும் அடிச்சதில்ல. எப்ப இருந்து இருக்கு?"

"ஆவணியில இருந்துங்க."

"கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்."

சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. கன்றல் போட்டது எது என்று கேட்டேன். அம்மன் காட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் இருந்தது ஆஸ்பத்திரியில்தான். தம்பி லோடு இறக்கிவிட்டு வருவான், போவான். சரோஜா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டாள். மருந்து ஏற ஏற குழந்தையின் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. நான் பின்னிவிட்ட முடி. சரோஜா அதையெல்லாம் சத்தமில்லாமல் பொறுக்கிக் காகிதத்தில் சுருட்டுவாள்.

மார்கழியில் வாய் புண்ணானது. உதடு, நாக்கு, தொண்டை எல்லாம் வெந்துபோன மாதிரி. மருந்து அப்படிச் செய்யும், ஆறும், திரும்பவும் வரும் என்றார்கள். எச்சிலை முழுங்கவும் முடியாது. சரோஜா தயிரைக் கடைந்து, பஞ்சில் தொட்டு உதட்டில் வைப்பாள். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது:

"அத்தை, மொளகாயை அரைச்சுப் பூசுன மாதிரி எரியுதுங்க."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். குழாயடியில் கையைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். மிளகாய் அரைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என் கண்ணுக்கு அந்தக் கை இன்னும் சிவப்பாகத்தான் தெரிந்தது.

அடுத்த கட்டிலில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அதன் அம்மா ராஜாமணி, சரோஜாவின் ஊர்ப்பக்கம். அந்தக் குழந்தை மார்கழிக் கடைசியில், மத்தியான நேரத்தில் இறந்துபோனது. ராஜாமணி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எதுக்குங்க வந்துச்சு? எங்க மாமியா என்னையத்தான் சொல்றாங்க. உன்ற ராசிதான் புள்ளையைத் தின்னுபோடுச்சுங்கறாங்க. நான் என்னங்க பண்ணுனேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலைம்மா. இது ஏன் ஒரு குழந்தைக்கு வருது, ஏன் இன்னொண்ணுக்கு வரலைன்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல. அதைத் தேடிக் கண்டுபிடிக்கணும்."

நான் கேட்டுக்கொண்டே நின்றேன். அந்த மாமியாரை நான் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. நானே அவள்தானே. எதனால் என்று தெரியாத இடத்தில் பக்கத்தில் இருக்கிற ஒரு பொம்பளையைப் பிடித்து நிறுத்துகிறோம். அவள் மருமகளைப் பிடித்தாள். நான் தம்பி பெண்டாட்டியைப் பிடித்தேன்.

தை பிறந்ததும் டாக்டரம்மா வார்டுக்கு வந்து ஒரு விஷயம் சொன்னார். குழந்தைகளுக்கு வருகிற இந்த வியாதியை ஆராய்ச்சி செய்யப் பணம் சேர்க்கிறார்கள். அதற்காகக் கோயமுத்தூரில் இருந்து பொள்ளாச்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு பேருக்குக் குறையாமல் சைக்கிளில் போகிறார்கள். ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்தவர்கள், அவர்கள் ஓட்டும் தூரத்துக்குத் தக்கபடி முடிந்த பணத்தைத் தருவதாக எழுதித் தருவார்கள். குழந்தைகளுடைய வீட்டில் இருந்தும் யாராவது வந்தால் நல்லது என்றார். ஆம்பளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் ஓட்டுறனுங்க" என்றேன்.

வார்டே சிரித்தது. சரோஜாகூட வாயைப் பொத்தினாள்.

"உங்களுக்கு என்ன வயசும்மா?" என்றார் டாக்டரம்மா.

"அறுபது ஆகுதுங்க. பதினஞ்சு வருசம் ரண்டு பக்கமும் கேன் கட்டி ஓட்டியிருக்கறனுங்க. பால் சிந்துனதில்ல."

அன்று சாயங்காலம் சரோஜாவிடம் சொன்னேன்: "அன்னைக்குத் தம்பி இங்க இருக்கட்டும். நீ நல்லெண்ணெய் வாங்கிக்கிட்டுப் பொள்ளாச்சிக்கு வந்துரு. அங்கிருந்து ஆனைமலைக்குப் போலாம்." எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மனிடம் மட்டும் சொன்னேன். "கூச்சத்துல பேரை முழுங்குனேன். அதே கூச்சத்துல உண்மையையும் முழுங்கிட்டு இருக்கறேன். இந்த ரோடு முழுக்க எல்லார் கண்ணுலயும் பட்டு வாரேன். பொள்ளாச்சிக்குப் போறதுக்குள்ள எனக்கு வாயைக் கொடு. புள்ளைக்கு எரியறதை நிறுத்து."

தம்பி சைக்கிளைத் தேங்காய் லாரியில் போட்டுக் கொண்டுவந்தான். விடிந்தும் விடியாமல் கூட்டம் சேர்ந்துவிட்டது. கியர் வைத்த சைக்கிள், தொப்பி, கால்சட்டை. நடுவில் நான். ஒரு பனியனைக் கொடுத்து மேலே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சேலைக்கு மேலே போட்டுக்கொண்டேன். ஒரு காலேஜ் பெண், "பாட்டி, பின்னாடி வேன் வருது. முடியலைன்னா ஏறிக்கோங்க" என்றது. "சரி கண்ணு, நீ டயர்டானா சொல்லு, கேரியர்ல உக்கார வெச்சுக்கறேன்" என்றேன். எனக்கே ஆச்சரியம். அந்த வாய் எங்கிருந்து வந்ததோ.

ஈச்சனாரி வரைக்கும் கூட்டத்தோடு போனேன். அதற்குப் பிறகு எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். வெயில் ஏறியது. எதிர்க்காற்று. டீக்கடையில் நிற்கிறவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். "அட, ஆயா சைக்கிள்ள வருதுடா!" என்று ஒருவன் கத்தினான். தலையைக் குனியாமல் ஓட்டினேன். கிணத்துக்கடவு மேட்டில் செயின் கழன்றது. சாய்ந்து விழுந்தேன். முழங்கையும் முட்டியும் ரோட்டில் உரசியது. செயினை மாட்டிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றிக்கொண்டு வந்தது. கோகிலாவுக்கு முதலில் வந்த அதே இடம். எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. விழுந்தேன், வந்தது. அந்தக் குழந்தைக்கு எதனால் வந்தது? அதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை பேர் மிதிக்கிறார்கள். எழுந்து ஏறிவிட்டேன். வேன்காரர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன்.

பொள்ளாச்சியில் கடைசியாக வந்து சேர்ந்தவள் நான்தான். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சரோஜா மட்டும் எண்ணெய்ப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பார்த்ததும் பதறினாள்.

"என்னுங்க அண்ணி இது! இப்படிக் கன்னிப்போச்சு!"

கையைப் பிடித்து, அந்த எண்ணெயிலேயே இரண்டு சொட்டு விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"சரோஜா, புரட்டாசி அமாவாசைக்கு நான் மொளகாய் அரைச்சேன். நீ புள்ளையை அடிக்கறேன்னு நெனைச்சு அரைச்சேன்."

அவள் கை நின்றது. பாட்டிலை மூடித் திரும்பவும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியுமுங்க."

"எப்படி?"

"அத்தை இப்படிக் கேட்டாங்கன்னு புள்ளை அன்னைக்கே சொல்லுச்சுங்க. அடுத்து நீங்க ஆனைமலைக்குப் போனீங்க. மிச்ச மொளகாய் உங்க பையில இருந்துச்சு. நான்தானுங்களே பையைத் தொவைச்சேன்."

"ஏன் அம்மணி கேக்கல?"

"சித்திக்காரி கேட்டா ஆரு நம்புவாங்க?" அவள் குரல் உடைந்தது. "அடிக்கறேன்னு நெனைச்சது பரவால்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு நான் வந்து கேட்டன்ல? அன்னைக்கு நீங்க வந்திருக்கலாமுங்க அண்ணி. என்ற கோவம் இன்னைக்குப் போகாதுங்க. போனாப் போகட்டும், போகாட்டி இருக்கட்டும். புள்ளைக்கு எரியறது நிக்கோணும். எந்திரிங்க, பஸ் வந்துருச்சு."

பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கோயிலில் எண்ணெயை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அறுபது வயதுக் கை, இத்தனை தூரம் ஹேண்டில்பாரைப் பிடித்த கை. பாட்டில் நழுவப் பார்த்தது. அவள் முன்னால் வந்து என் கையோடு சேர்த்துப் பாட்டிலைப் பிடித்தாள். அர்ச்சகர் வாங்கிக் காப்புச் செய்தார். இந்தத் தடவை சத்தமாகப் பேர் சொன்னேன். பின்னால் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. "தாயே, எங்க சரோஜா மேல ஒரு குத்தமும் இல்ல. என்ற குத்தம். குளிர்ந்துக்கோ."

ஐந்தாம் நாள் கோகிலா ஒரு கரண்டி ரசம் சாதம் முழுங்கியது. எரிகிறதா என்று கேட்டேன். "இல்லீங்க அத்தை, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றது. ரத்தத்தில் அணுக்கள் ஏறிவிட்டன, அதனால் புண் ஆறுகிறது என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னதும் சத்தியம். நான் வேண்டிக்கொண்டதும் சத்தியம். மருந்தைக் கண்டுபிடித்தவர்களையும் அந்தத் தாய்தான் அனுப்பினாள் என்று நம்புகிறேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் எழுதமாட்டேன். இரண்டரை வருடம் மருந்து. ஒரு தடவை நிமோனியாவில் கைவிட்டுப் போகிற மாதிரி இருந்து திரும்பினாள். அந்த வார்டில் எங்களோடு இருந்த குழந்தைகளில் பல பேர் இன்றைக்கு இல்லை. ராஜாமணியின் மகளுக்காகவும் அம்மனிடம் வேண்டினேன். அது ஏன் கேட்கப்படவில்லை என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பதில் வைத்திருப்பதாக யாராவது சொன்னால் அவர்களை நம்பாதீர்கள். அடுத்த வருடச் சைக்கிள் பயணத்துக்கு ராஜாமணி வந்திருந்தாள். ஓட்டத் தெரியாது. வழியில் நின்று எங்களுக்கெல்லாம் மோர் ஊற்றினாள்.

நான் மூன்று வருடம் ஓட்டினேன். சரோஜாவும் பழகிக்கொண்டாள். அவள் கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் என் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணி, காப்பித்தூள் இருக்குதுங்களா?" என்று பழையபடி கேட்டாள். அவ்வளவுதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இடி விழலாம். காரணம் தெரியாமல் தவிக்கும்போது கண்ணில் படுகிற ஆளின் பேர் நாக்கு நுனிக்கு வரும். அந்தப் பேரை முழுங்கிவிடுங்கள். "எது என்று காட்டு" என்று மட்டும் கேளுங்கள். அவள் காட்டுவாள். காட்டிய பிறகு டாக்டரிடம் போக ஒரு நாளும் தள்ளாதீர்கள். கோயிலுக்கும் போங்கள். ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

போன மாதம் கோகிலா என் சைக்கிளை எடுத்துக் குரங்குப் பெடல் பழகினாள். சொசைட்டி முக்கில் விழுந்துவிட்டாள். முட்டிக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போனது. சரோஜா பார்த்தாள். நான் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் குழந்தை உட்காரும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் சரோஜா வாசலில் இருந்து கூப்பிட்டாள். "அண்ணி, இங்க வாங்க." ஓடினேன். குழந்தையை வெளிச்சத்தில் நிற்க வைத்துக் காலைக் காட்டினாள். ஓரமெல்லாம் மஞ்சளாகிக் கன்றல் கரைந்துகொண்டிருந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருந்தும் நல்ல சேதி வந்தது. விழுந்ததால் வந்த கன்றல். வந்த மாதிரியே போகிற கன்றல். சரோஜாவும் நானும் அந்த வாசலிலேயே உட்கார்ந்து, ஆனைமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டோம்.